கைமீறிய தாமதம்: வழங்குநரின் பொறுப்பும் சில சொற்களின் வரலாறும்

கடல்வழி வரவேண்டிய சரக்கு குறித்த நாளில் வந்து சேரவில்லை. அனுப்புவதாக ஒப்புக்கொண்டவர் சோம்பியிருக்கவில்லை. வாங்குவதாக ஒப்புக்கொண்டவரும் தவறேதும் செய்யவில்லை. இடையில் ஒரு போர் மூண்டது. அல்லது ஒரு கால்வாய் அடைபட்டது. அல்லது அண்டை நாட்டு அரசு ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. இருவரிடமும் பிழை இல்லை. ஆயினும் இழப்பு உண்மையானது. யாரேனும் ஒருவர் அதைச் சுமந்தாக வேண்டும். யார் சுமப்பது என்னும் இக்கேள்விக்கு வழக்குமன்றங்கள் ஏறத்தாழ நானூறு ஆண்டுகளாக விடை தேடி வருகின்றன.

இது சட்டக் கல்லூரிக்கு உரிய பொருளன்றோ, மொழி மன்றத்தின் உரைவரிசையில் இதற்கு இடமென்ன என்று கேட்பது இயல்பே. இந்த வழக்குகளின் வரலாற்றை வரிசைப்படுத்திப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். நேர்ந்த இடர் எவ்வளவு பெரியது என்பது தீர்ப்பை முடிவு செய்வதில்லை. இருவரும் எழுதிக்கொண்ட ஒப்பந்தத்தில் உள்ள ஓரிரு சொற்கள், அவற்றுள்ளும் பெரும்பாலும் ஒரு வினைச்சொல், அதை முடிவு செய்கிறது. சொற்பொருள் ஆராய்ச்சி தொழிலாளர் கூலிக்கும் வணிகர் வாழ்வுக்கும் நேரடியாகக் கணக்குத் தீர்க்கும் இடம் இது. ஆகவே மொழி பயில்வோர்க்கும் பயிற்றுவோர்க்கும் இவ்வரலாறு உரியதே.

சொன்ன சொல் மாறாமை

தொடக்கத்தில் ஆங்கிலப் பொதுச்சட்டம் மிகக் கடுமையாக இருந்தது. 1647-இல் தீர்ப்பளிக்கப்பட்ட பாராடைன் எதிர் ஜேன் வழக்கில் குத்தகைக்காரர் ஒருவர் வாடகை செலுத்தவில்லை. உள்நாட்டுப் போரின்போது இளவரசர் ரூப்பர்ட்டின் படை அவரை நிலத்திலிருந்து வெளியேற்றிவிட்டது. நிலத்தின் பயனைத் தாம் நுகரவில்லை என்பது அவர் வாதம். மன்றம் அதை ஏற்கவில்லை. ஒருவர் தாமே விரும்பி ஒப்பந்தத்தால் ஒரு கடமையை ஏற்றால், தவிர்க்க முடியாத இடர் நேர்ந்தாலும் அதை நிறைவேற்ற வேண்டும். விலக்கு வேண்டுமாயின் அதை ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கலாம் என்பதே மன்றத்தின் நிலைப்பாடு.

பிற்காலத்து வணிக ஒப்பந்தங்கள் அனைத்திலும் காணப்படும் விலக்கு விதிகளின் வித்து இந்தக் கடைசிக் கருத்தில் இருக்கிறது. சட்டம் இரங்காது என்று தெரிந்துகொண்ட வணிகர்கள் தங்களுக்கு வேண்டிய இரக்கத்தைத் தாங்களே எழுதிவைக்கத் தொடங்கினர்.

சரக்கு ஏற்றிச் செல்வோரின் நிலை இன்னும் கடுமையானது. தெய்வச் செயல், அரசரின் பகைவர் செயல் என்ற இரண்டைத் தவிர வேறு எக்காரணத்தால் சரக்கு கெட்டாலும் அவர்களே பொறுப்பு. 1785-இல் பார்வர்டு எதிர் பிட்டார்டு வழக்கில், பியர் காய்ச்சப் பயன்படும் ஹாப்ஸ் மூட்டைகள் வழியில் தீக்கிரையாயின. தீ வேறோர் இடத்தில் மூண்டு பரவியது. வண்டிக்காரரிடம் கவனக்குறைவு ஏதுமில்லை. ஆயினும் மான்ஸ்ஃபீல்டு பிரபு அவரையே பொறுப்பாக்கினார். மின்னலால் மூளாத தீ எங்கோ ஒரு மனிதக் கையிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும். மனிதச் செயலுக்கு மாறானதே தெய்வச் செயல் என்பது அவர் தந்த விளக்கம். அன்றாடப் பேச்சில் 'எல்லாம் கடவுள் செயல்' என்று நாம் எளிதாகச் சொல்லிவிடும் தொடர் சட்டத்தின் கையில் எவ்வளவு குறுகிப்போகிறது என்பதற்கு இதுவே சான்று.

காலமே பொருளாகும்போது

இந்தக் கடுமை தளரத் தொடங்கியது 19-ஆம் நூற்றாண்டில். 1861-இல் லண்டனின் சரே தோட்ட இசையரங்கை நான்கு நாள் கச்சேரிகளுக்கு வாடகைக்குப் பேசியிருந்தார்கள். முதற் கச்சேரிக்குச் சில நாள்களுக்கு முன் ஜூன் 11 அன்று அரங்கம் எரிந்து போயிற்று. 1863-இல் நீதிபதி பிளாக்பர்ன், ஒப்பந்தம் ஒரு குறிப்பிட்ட பொருள் நிலைத்திருப்பதையே அடிப்படையாகக் கொண்டிருந்தால், எவர் பிழையுமின்றி அப்பொருள் அழியும்போது இருதரப்பும் விடுவிக்கப்படுவர் என்று தீர்ப்பளித்தார். எழுதப்படாத ஒரு நிபந்தனை ஒப்பந்தத்தினுள் உறைந்திருப்பதாகப் படித்த முதற்பெரும் வாசிப்பு அது.

பொருள் அழிந்தால் விடுதலை உண்டு என்றாயிற்று. பொருள் அழியாமல் காலம் மட்டும் கழிந்தால்? இக்கேள்வி 1872-இல் எழுந்தது. 'ஸ்பிரிட் ஆஃப் தி டான்' என்னும் கப்பல் லிவர்பூலிலிருந்து நியூபோர்ட்டுக்குச் சென்று, அங்கே இரும்புத் தண்டவாளங்களை ஏற்றிக்கொண்டு சான் பிரான்சிஸ்கோவுக்குப் போக வேண்டும். புறப்பட்ட மறுநாள், ஜனவரி 3 அன்று, கார்னார்வன் விரிகுடாவில் அது தரைதட்டியது. மீட்டுப் பழுதுபார்த்து முடிக்க ஆகஸ்டு ஆகிவிட்டது. தண்டவாளங்களை அனுப்ப வேண்டியவர்கள் காத்திருக்கவில்லை. பிப்ரவரியிலேயே வேறு கப்பலை அமர்த்திக்கொண்டனர்.

ஒப்பந்தத்தில் 'கடற்பயண இடர்கள் விலக்கு' என்னும் வாசகம் இருந்தது. ஆகவே தாமதத்துக்காகக் கப்பல் உரிமையாளர் இழப்பீடு தர வேண்டியதில்லை. ஆனால் அதே வாசகத்தைக் காட்டி, எவ்வளவு தாமதமானாலும் தமக்காகக் காத்திருக்க வேண்டும் என்று மறுதரப்பை அவர் கட்டிவைக்க முடியுமா? முடியாது என்று 1874-இல் மன்றம் கூறியது. வணிக நோக்கில் பார்த்தால், ஆகஸ்டுப் பயணம் முதலில் பேசிய பயணமே அன்று, வேறொரு பயணம். ஜாக்சன் வழக்கு என அறியப்படும் இத்தீர்ப்பு ஒரு நுட்பமான வேறுபாட்டை நிலைநாட்டியது. இழப்பீட்டிலிருந்து விலக்குப் பெறுவது ஒன்று. ஒப்பந்தத்தை உயிரோடு வைத்திருப்பது மற்றொன்று. விலக்கு விதி முன்னதைத் தரலாம். பின்னதைத் தந்தே தீரும் என்பதில்லை.

'போர்' என எழுதியும் போரை அடக்காத விதி

இவ்விடத்தில் 'ஃபோர்ஸ் மஜூர்' என்னும் பிரெஞ்சுத் தொடரை அறிமுகம் செய்துகொள்வது நன்று. மீறவொண்ணா வலிமை என்பது அதன் நேர்ப்பொருள். ரோமானியச் சட்டத்தின் 'விஸ் மாயோர்' என்னும் கருத்திலிருந்து வளர்ந்து, 1804-ஆம் ஆண்டு பிரெஞ்சு உரிமையியல் தொகுப்பில் இடம்பெற்றது. பிரான்சில் அது சட்டமே தரும் விலக்கு. ஆங்கிலப் பொதுச்சட்டத்தில் அதற்கென்று தனி வாழ்வில்லை. ஒப்பந்தத்தில் எழுதினால்தான் உண்டு. எழுதிய அளவுக்கே உண்டு. 1920-இல் தகரக் குவளைகளில் அடைத்த சால்மன் மீன் விற்பனை குறித்த லெபோப்பின் வழக்கில், இத்தொடருக்கு நிலையான ஒரு பொருளைத் தந்துவிடாமல் முன்னும் பின்னும் வரும் சொற்களோடு சேர்த்தே படிக்க வேண்டும் என்று ஆங்கில மன்றம் கூறியது. சொல்லின் பொருளை அதன் சூழல் தீர்மானிக்கிறது என்று மொழியியல் வகுப்பில் நாம் கற்பிப்பதும் இதையே.

சூழல் எவ்வளவு தூரம் ஒரு சொல்லைக் கட்டுப்படுத்தும் என்பதற்கு ஃபிப்ரோசா வழக்கு நல்ல சான்று. 1939 ஜூலையில் ஒரு போலந்து நிறுவனம் இங்கிலாந்தின் லீட்ஸ் நகர நிறுவனம் ஒன்றிடம் 4,800 பவுண்டுக்கு நெசவு இயந்திரங்களை வாங்க ஒப்பந்தம் செய்தது. இயந்திரங்களைக் கிடினியா துறைமுகத்தில் ஒப்படைக்க வேண்டும். முன்பணமாக 1,000 பவுண்டு செலுத்தப்பட்டது. செப்டம்பரில் போர் மூண்டு, கிடினியா ஜெர்மானியர் கைக்குப் போயிற்று.

ஒப்பந்தத்தில் ஒரு விதி இருந்தது: போர் உள்ளிட்ட, வழங்குநரின் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட காரணங்களால் அனுப்புவதில் இடையூறோ தாமதமோ நேர்ந்தால் நியாயமான காலநீட்டிப்பு வழங்கப்படும். 'போர்' என்ற சொல்லே அங்கிருந்ததால், ஒப்பந்தம் முடிந்துவிடவில்லை, நீட்டிப்புத்தான் உண்டு என்று வழங்குநர் வாதிட்டார். 1942-இல் பிரபுக்கள் சபை அவ்வாதத்தை ஏற்கவில்லை. 'நியாயமான நீட்டிப்பு' என்னும் தொடர் அவ்விதியில் இருப்பதால், நீட்டிப்பால் தீரக்கூடிய தாமதத்தை மட்டுமே அது குறிக்கும். எப்போது முடியும் என்று எவருமறியாத பெரும்போரைக் குறிக்காது என்று படித்தது. ஒப்பந்தம் முடிந்துபோயிற்று. பொருள் ஏதும் பெறாத போலந்து நிறுவனத்துக்கு 1,000 பவுண்டும் திரும்பக் கிடைத்தது.

வழங்குநரின் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது. இயந்திரங்களைச் செய்வதில் அவர் செலவிட்ட தொகை அவருக்குத் திரும்பவில்லை. இக்குறையைத் தீர்க்கவே 1943-இல் பிரிட்டன் ஒரு சட்டம் இயற்றி, அதுவரை ஆன செலவைக் கருத்தில் கொண்டு முன்பணத்தைப் பங்கிட்டுத் தர மன்றத்துக்கு அதிகாரம் அளித்தது. சிங்கப்பூரின் 1959-ஆம் ஆண்டுச் சட்டமும், மலேசியாவின் 1956-ஆம் ஆண்டு உரிமையியல் சட்டத்திலுள்ள 15, 16-ஆம் பிரிவுகளும் அதன் வழித்தோன்றல்களே.

நிலக்கடலையும் சூயஸ் கால்வாயும்

கப்பல் தாமதம் என்றவுடன் நினைவுக்கு வரவேண்டிய வழக்கு சூயஸ் கால்வாயோடு தொடர்புடையது. 1956 ஜூலை 26 அன்று எகிப்திய அதிபர் நாசர் கால்வாய் நிறுவனத்தை நாட்டுடைமையாக்கினார். அக்டோபர் 4 அன்று, நெருக்கடி முற்றிக்கொண்டிருந்த வேளையிலேயே, சூடானின் நிலக்கடலை 300 டன் ஹாம்பர்க்குக்கு விற்க ஒப்பந்தமாயிற்று. சரக்கின் விலை, காப்புறுதி, கப்பல் கட்டணம் ஆகிய மூன்றும் விற்பவர் சொல்லும் ஒரே விலைக்குள் அடங்கும் வகை ஒப்பந்தம் அது. நவம்பர் அல்லது டிசம்பரில் கப்பலேற்ற வேண்டும். நவம்பர் 2 அன்று கால்வாய் அடைபட்டது.

போர்ட் சூடானிலிருந்து ஹாம்பர்க்குக்குக் கால்வாய் வழி 4,386 மைல். ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றினால் 11,137 மைல். டன்னுக்கு ஏழரைப் பவுண்டாக இருந்த கட்டணம் டிசம்பர் நடுவில் இரட்டிப்பாயிற்று. விற்பவர் சரக்கை அனுப்பவில்லை. நிகழ்ந்தது தம் கைமீறியது. ஒப்பந்தத்தில் ஃபோர்ஸ் மஜூர் விதியும் இருக்கிறது என்றார்.

அவ்விதி, 'கப்பலேற்றுவதைத் தடுக்கும்' நிகழ்வுகளைப் பற்றிப் பேசியது. இங்கேதான் சொல்லாராய்ச்சி நுழைகிறது. கப்பலேற்றுதல் என்பது சரக்கைக் கப்பலில் வைப்பதா, அல்லது வழக்கமான வழியில் சேருமிடம் வரை அனுப்புவதா? 1961-இல் பிரபுக்கள் சபை முதற்பொருளையே கொண்டது. போர்ட் சூடானில் சரக்கை ஏற்ற எந்தத் தடையும் இல்லை. கால்வாய் வழியே செல்ல வேண்டும் என்று ஒப்பந்தம் சொல்லவும் இல்லை. நிலக்கடலை விரைவில் கெட்டுப்போகும் பொருளன்று. ஹாம்பர்க்கில் இன்ன நாளில் சேர வேண்டும் என்ற கெடுவும் இல்லை. செலவு கூடியது, காலம் கூடியது. ஆனால் கடமை வேறொன்றாக மாறிவிடவில்லை. விற்பவர் 5,625 பவுண்டு இழப்பீடு செலுத்த நேர்ந்தது.

ஒரு கால்வாய்ப் போரால் விடுவிக்கப்படாத விற்பனையாளர் ஒருபுறம். தரைதட்டிய ஒற்றைக் கப்பலால் விடுவிக்கப்பட்ட சரக்குக்காரர் மறுபுறம். இடரின் பருமனைக் கொண்டு பார்த்தால் இவ்விரு தீர்ப்புகளும் முரண்படுவன போலத் தோன்றும். ஒப்பந்தம் எதை உறுதியளித்தது என்று பார்த்தால் முரண்பாடு இல்லை.

நம் வட்டாரத்தில்

மலேசியாவின் 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் இந்தியாவின் 1872-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பெரிதும் அடியொற்றியது. இந்தியச் சட்டத்தின் 56-ஆம் பிரிவே இங்கு 57-ஆம் பிரிவு. ஒப்பந்தம் செய்தபின் ஒரு செயல் 'இயலாததாக' ஆகிவிட்டாலோ, வாக்களித்தவர் தடுக்க முடியாத நிகழ்வால் சட்டவிரோதமாகிவிட்டாலோ ஒப்பந்தம் செல்லாததாகும் என்கிறது அது. சிங்கப்பூரோ ஆங்கிலப் பொதுச்சட்ட மரபைப் பின்பற்றுவது. இரு நாடுகளிலும், வழங்குநருக்கு இதைவிட அகலமான விலக்கு வேண்டுமாயின் அதை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்.

எழுதிக்கொண்டால் என்ன மாறுகிறது என்பதை 2007-ஆம் ஆண்டு மணல் தடை காட்டியது. சிங்கப்பூரின் கட்டுமானத்துக்கு மணல் பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்தே வந்தது. அவ்வாண்டு ஜனவரியில் அந்நாடு நிலமணல் ஏற்றுமதிக்குத் தடை அறிவித்தது. பிப்ரவரி தொடக்கத்தில் தடை நடப்புக்கு வந்தது. மணல் இல்லாமல் கான்கிரீட் இல்லை. சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் தாமதமும் விலையேற்றமும் பிறந்தன, வழக்குகளும் பிறந்தன.

அவற்றுள் இரண்டு நம் பொருளுக்கு உகந்தவை. 2009-இல் சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்த அலையன்ஸ் கான்கிரீட் வழக்கில், மணல் வழங்குநர் விடுவிக்கப்பட்டார். இந்தோனேசியாவே மணலுக்கு மூலம் என்பதை இருதரப்பும் மனத்தில் கொண்டே ஒப்பந்தம் செய்திருந்தன. அந்த மூலம் அடைபட்டதும் ஒப்பந்தம் முடிவுக்கு வந்தது. 2011-இல் வந்த ஹோல்சிம் வழக்கு கலவைக் கான்கிரீட் வழங்கும் நிறுவனம் பற்றியது. மூலப்பொருள் பற்றாக்குறை போன்ற, வழங்குநரின் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட காரணங்களால் வழங்கல் 'குலைந்தால்' வழங்கும் கடமை இல்லை என்று அவ்வொப்பந்தம் கூறியது. வாங்குபவர், கான்கிரீட் செய்வது முற்றிலும் முடியாமற் போகவில்லையே என்றார். மன்றம் வினைச்சொல்லைப் பார்த்தது. 'தடுக்கப்பட்டால்' என்று எழுதியிருந்தால் முடியாமையைக் காட்ட வேண்டும்; 'குலைந்தால்' என்றே எழுதியிருப்பதால் அவ்வளவு வேண்டியதில்லை; கடுமையான இடையூறே போதும் என்றது. ஆயினும் விலை கூடியது என்பது மட்டுமே பொதுவாகப் போதாது என்பதையும், வழங்குநர் தம்மால் இயன்ற நியாயமான நடவடிக்கைகளை எடுத்திருக்க வேண்டும் என்பதையும் மன்றம் நினைவூட்டியது.

சூயஸ் விற்பனையாளருக்குக் கிடைக்காத விலக்கு கான்கிரீட் வழங்குநருக்குக் கிடைத்தது. இருவருக்கும் இடையே நின்ற வேறுபாடுகளுள் 'தடு', 'குலை' என்ற இரு வினைகளின் வேறுபாடு முதன்மையானது.

2020-இல் கிருமித்தொற்று வந்தபோது, ஒப்பந்தச் சொற்களை மட்டும் நம்பியிருந்தால் போதாது என்று இரு அரசுகளும் கருதின. சிங்கப்பூர் நாடாளுமன்றம் ஏப்ரல் 7 அன்றே கோவிட்-19 தற்காலிக நடவடிக்கைகள் சட்டத்தை நிறைவேற்றி, கட்டுமானம், அது சார்ந்த வழங்கல் உள்ளிட்ட சில வகை ஒப்பந்தங்களுக்குத் தற்காலிக நிவாரணம் அளித்தது. மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை மார்ச் 18-இல் தொடங்கியது. அதையொத்த நிவாரணச் சட்டம் அக்டோபர் 23-இல் நடப்புக்கு வந்தது. இங்கும் ஒரு சொல் முன்வந்து நின்றது. சிங்கப்பூர்ச் சட்டத்தில் நிவாரணம் பெற, கடமையை நிறைவேற்ற இயலாமை 'குறிப்பிடத்தக்க அளவில்' தொற்றால் நேர்ந்திருக்க வேண்டும். அந்த அளவு எவ்வளவு என்பதே பல சிறு வணிகர்களின் கவலையாயிற்று.

தமிழில் எழுத வேண்டியவை

2021 மார்ச்சில் 'எவர் கிவன்' என்ற கப்பல் ஆறு நாள் சூயஸ் கால்வாயை அடைத்துக்கொண்டது. 2023-இன் இறுதி முதல், செங்கடலில் நடந்த தாக்குதல்களுக்கு அஞ்சிப் பல கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றத் தொடங்கின. 1956-இல் நிலக்கடலைக்குக் காட்டப்பட்ட அதே வழி இது. ஆகவே இக்கேள்வி பழங்கதையன்று. இங்கே துணி, மளிகை, நூல் போன்றவற்றை வெளிநாட்டிலிருந்து தருவிக்கும் தமிழ் வணிகரும் ஏதோவொரு படிவத்தில் கையொப்பமிடுகிறார். அதில் உள்ள விலக்கு விதியைத் தமிழில் விளக்கும்படி மகளையோ மாணவரையோ கேட்கிறார். அந்த விளக்கம் தவறினால் இழப்பு அவருடையது.

அவ்வாறு விளக்குவோர் மூன்று இடங்களில் விழிப்போடிருக்க வேண்டும். முதலாவது, ஃபோர்ஸ் மஜூர் என்பதை 'எதிர்பாராத நிகழ்வு' என்று பெயர்த்துவிடுவது. கைமீறியது வேறு, எதிர்பாராதது வேறு. 1956 அக்டோபரில் கால்வாய் அடைபடக்கூடும் என்பதைச் செய்தித்தாள் படித்த எவரும் எதிர்பார்த்திருக்கலாம். ஆனால் அதைத் தடுப்பது எந்த வணிகரின் கையிலும் இல்லை. ஒப்பந்தம் கேட்காத ஒரு நிபந்தனையை மொழிபெயர்ப்பாளர் சேர்த்துவிடக் கூடாது. 'கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட' அல்லது 'கைமீறிய' என்பதே நேர். 'தெய்வச் செயல்' என்று பெயர்ப்பதோ எதிர்ப்பக்கமாகத் தவறும். போரும் தடையாணையும் அதற்குள் அடங்கா.

இரண்டாவது, 'முடியாது' என்னும் நம் சொல். செய்ய இயலாமையையும் செய்ய மறுப்பதையும் தமிழில் இவ்வொரு சொல்லே சுமக்கிறது. சட்டத்தின் முடியாமையை எழுதும்போது 'இயலாததாகிவிட்டால்' என்று பிரித்தெழுதுவது ஐயத்தை அகற்றும்.

மூன்றாவது, வினைகளின் படிநிலை. தடுத்தல், இடையூறு செய்தல், தாமதப்படுத்தல், குலைத்தல் ஆகிய நான்கும் ஒன்றுக்கொன்று மாற்றுச்சொற்கள் அல்ல. தடுத்தலில் செயல் நின்றுவிடுகிறது. இடையூற்றில் செயல் கடினமாகிறது. தாமதத்தில் செயல் பின்தள்ளப்படுகிறது. குலைதலில் செயலின் ஒழுங்கு சிதைகிறது. நடை அழகுக்காக ஒன்றின் இடத்தில் மற்றொன்றை எழுதினால், பொறுப்பு ஒருவர் தோளிலிருந்து மற்றவர் தோளுக்கு மாறிவிடும். கட்டுரை வகுப்பில் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதாதே என்று நாம் திருத்துகிறோம். ஒப்பந்தத்தில் அத்திருத்தம் கேடாக முடியும் என்பதையும் அதே வகுப்பில் சொல்லியாக வேண்டும்.

திருக்குறள் 'ஊழ்' என்று ஓர் அதிகாரம் வகுத்தது. 'ஆள்வினையுடைமை' என்று மற்றோர் அதிகாரமும் வகுத்தது. கைமீறியதை ஒப்புக்கொள்ளும் இந்தச் சட்டமும், அதற்கு முன் உன் கைக்கு எட்டியதைச் செய்தாயா என்று வழங்குநரைக் கேட்கிறது. மாற்று வழி தேடினாரா, உரிய காலத்தில் வாங்குபவருக்கு அறிவித்தாரா, கையிருப்பை நேர்மையாகப் பங்கிட்டாரா என்பவை நடைமுறையில் எழும் கேள்விகள். மேல்நிலை வகுப்பு ஆசிரியர்கள் இத்தகைய விதி ஒன்றை எடுத்து, அதன் வினைச்சொல்லை மூன்று விதமாக மாற்றி எழுதச் செய்து, ஒவ்வொன்றிலும் இழப்பு யாருடையது என்று மாணவர்களைக் கேட்கலாம். ஒரு பாடவேளை போதும்.